மூளைத்தண்டும் குருதியமுக்கமும்

வைகறையிற் பாயைவிட்டு எழுகின்றோம். அவ்வளவில் ஏறக்குறைய அரை இலீற்றர் குருதி உடலின் கீழ்ப்பாகத்தை நோக்கி இறங்குகின்றது. ஆயினும் நாம் மயங்கி வீழ்வதில்லை. நாம் அறியாமலே நம்மைத் தாங்கும் அவ்வேற்பாடு யாது? அது பிழைக்குமிடத்து விளைவது யாது? இவ்விரண்டினையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

கழுத்தின் சிரசுநாடியிலும், இதயத்தினின்றும் எழும் பெருநாடியின் வில்லிலும் அமுக்கத்தை உணரும் நரம்பு முனைகள் உள. அமுக்கம் ஏறினால் நாடிச்சுவர் விரியும். அவ்விரிவினை இம்முனைகள் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியாகிய நீள்வளைய மையவிழையத்துக்கு அறிவிக்கும். அங்கே முதற்கண் செய்தியை ஏற்கும் நரம்புக்கலக் கூட்டம், அலையு நரம்பின் வழியே இதயத்தை மெதுவாக்குகின்றது. குருதிக்கலன்களைச் சுருக்கும் பரிவு நரம்புகளை ஏவுகின்ற மற்றொரு கூட்டத்தை அடக்குகின்றது. அமுக்கம் தாழுமாயின் இவை எதிர்மாறாக நிகழும்.

இனி, ஓமோனின் செயலை நோக்குவாம். 1898ஆம் ஆண்டிலே சுவீடனில் திகர்ஸ்டெட், பேர்க்மன் என்னும் இருவர், சிறுநீரகச் சாற்றில் அமுக்கத்தை உயர்த்தும் பொருளொன்றைக் கண்டு, அதற்கு ரெனின் எனப் பெயரிட்டனர். ரெனின் தொடக்கிவைக்கும் மாற்றங்களின் முடிவில் தோன்றுவதே அஞ்சியோடென்சின் என்னும் ஓமோன். அது குருதிக்கலன்களை நேரே சுருக்குவதாகும். ஆயின், மூளையினிடத்தும் அதற்குத் தொழிலுண்டோ?

1961ஆம் ஆண்டில் பிக்கேட்டன், பக்லி என்போர் இதனைச் சோதித்தனர். நாயொன்றின் தலைக்கு வேறொரு நாயின் குருதியையே செலுத்தினர். தலையும் உடலும் நரம்பினால் மாத்திரம் இணைந்திருந்தன. தலைக்குச் சென்ற குருதியில் அஞ்சியோடென்சினைச் சேர்த்தபோது உடலின் அமுக்கம் உயர்ந்தது. எனவே, அவ்வுயர்வுக்கு மூளையே காரணமென்பது புலனாயிற்று.

பூட்டுக்கு ஏற்ற திறவுகோல்போல, ஓமோன் தனக்குரிய வாங்கியிற் பொருந்தியே தொழிற்படும். மேற்கூறிய இரு நரம்புக்கலக் கூட்டங்களிலும் அஞ்சியோடென்சினுக்குரிய வாங்கிகள் உள. முதற் கூட்டத்தில் அது பொருந்தின், அமுக்கத்தைச் சீர்செய்யும் தெறிவினை மந்தமாகும்; இரண்டாவதிற் பொருந்தின், பரிவு நரம்புகள் கிளர்ச்சியுறும். குருதியிலுள்ள பல பொருள்கள் மூளைக்குட் புகாதவாறு ஒரு தடுப்பு உண்டெனினும், நான்காம் மூளையறையின் ஓரத்தேயுள்ள ஒரு சிறு பகுதியில் அத்தடுப்பு முழுமையாக இல்லை. குருதியில் வரும் ஓமோன் அவ்வழியே தன் செய்தியைச் சேர்ப்பிக்கின்றது.

இங்கே நாம் மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. அமுக்கம் நெடுநாள் உயர்ந்து நிற்குமாயின், உணர்முனைகள் அவ்வுயர்நிலையையே இயல்பெனக் கொண்டு பழகிவிடும். காவலன் விழித்திருந்தும் கள்வனை வீட்டாரெனக் கருதி வாளாவிருப்பான். உயர் குருதியமுக்கம் பலருக்கு யாதொரு நோவுமின்றி வளர்ந்து, இதயத்தையும் சிறுநீரகத்தையும் மூளையையும் தாக்குவது அதனாலேயே எளிதாகின்றது.

அஞ்சியோடென்சின் வாங்கியை அடைத்துப் பயன்தரும் லொசாட்டன் முதலிய மருந்துகள் 1995ஆம் ஆண்டு முதல் வழங்கிவருகின்றன. ஆயினும், "எனக்கு ஒன்றுமில்லை" என மருந்தைத் தாமே நிறுத்துவோர் நம்மிடையே பலர். நம் உணர்வு இவ்விடயத்திற் சான்றாகாது, அளவுகருவியே சான்று. ஆதலின், பழைய மாணவர்காள், அமுக்கத்தை அளந்தறிமின்! இளைய மாணவர்காள், இப்பாடத்தை நும் பெற்றோருக்கும் எடுத்துரைமின்!