வரையாடு

கடலூரும் சிதம்பரமும் நெய்தலும் மருதமும் சூழ்ந்த ஊர்கள். கடலூரை அடுத்த கேப்பர் மலையும் தாழ்ந்த செம்மண் மேடே. ஆயினும், உயர்ந்த மலைமுகட்டில் வாழும் விலங்கொன்றைப் பண்டைக் கடற்கரை மக்களும் அறிந்திருந்தனர். அதுவே வருடை எனப்படும் வரையாடு.

சிதம்பரத்திற்குத் தெற்கே, கொள்ளிடத்திற்கு அப்பால் உள்ளது காவிரிப்பூம்பட்டினம். அந்நகரைப் பாடும் பட்டினப்பாலையில், சுங்க முற்றத்துப் பண்டப் பொதிகள் மலைபோற் குவிந்துள்ளன. அவற்றின்மேல் நாய்களும் செம்மறிக் கடாக்களும் துள்ளுகின்றன. அக்காட்சிக்கு மலைச்சாரலில் உலவும் வருடையை உவமையாக்கினார் புலவர் உருத்திரங்கண்ணனார். கேட்போர் அறிந்த பொருளையன்றோ உவமையாகக் கூறுவர்?

வரை என்பது மலை. செங்குத்தான பாறையிலும் வழுவாது ஏறவல்லது இவ்விலங்கு. இதன் குளம்பின் விளிம்பு கடினமானது, உள்ளடி மென்மையானது. இதன் கொம்புகள் பின்னோக்கி வளைந்தவை. மானின் கொம்புபோல் உதிர்வதில்லை. முதிர்ந்த ஆணின் எடை ஏறத்தாழ 100 கிலோகிராம். பெண் அதிற் பாதியே. இவ்வினம் வெள்ளாட்டினும் செம்மறிக்கே நெருங்கிய உறவுடையது என 2005ஆம் ஆண்டின் மரபணு ஆய்வு காட்டிற்று.

உலகிலேயே தமிழகமும் கேரளமும் சார்ந்த மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே இது இயற்கையாக வாழ்கிறது. வேட்டையாலும், புல்வெளிகள் தேயிலைத் தோட்டங்களாகவும் அயல்மரக் காடுகளாகவும் மாறியதாலும் இது அருகிற்று. தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய இதனைக் காக்க 2022ஆம் ஆண்டில் அரசு தனித்திட்டம் வகுத்தது. 2025ஆம் ஆண்டில் இரு மாநிலங்களும் ஒருங்கே கணக்கெடுத்தபோது காணப்பட்டவை 2,668. அவற்றுள் தமிழகத்தில் 1,303.

மாணவர்களே! தொலைவிலுள்ள மலைவிலங்கால் நமக்கு யாது பயன் என எண்ணற்க. வரையாடு மேயும் நீலகிரிப் புல்வெளி மழைநீரை உறிஞ்சிச் சிறிது சிறிதாக ஓடைகளில் விடுகிறது. அம்மலைநீர் பவானியாற்றின் வழியே காவிரியை அடைகிறது. காவிரியின் கிளையாகிய கொள்ளிடத்து நீர் வடவாற்றின் வழியே வீராணம் ஏரியை நிரப்பி நம் வயல்களை விளைவிக்கிறது. புல்வெளி அழியின் வரையாடு அழியும், நீர்வளமும் குன்றும். பட்டினப்பாலையின் உவமையும் கண்ணாற் காணவியலாத வெறுஞ்சொல்லாய் முடியும். ஆதலின் வரையாட்டைக் காத்தல் மலைநாட்டார்க்கு மட்டுமன்றி, ஆற்றின் கடைமடையில் வாழும் நமக்கும் உரிய கடனாகும்.