வீட்டு வாசலும் ஓட்டுச் சாவடியும்

கேள்வி: சொந்த வாழ்க்கையில் ஒழுங்கில்லாத அரசியல்வாதிக்கு ஓட்டே போடக்கூடாது என்கிறார் என் மாமா. தொகுதிக்கு வேலை செய்தால் போதாதா?
– வாசகர், படவேடு

பதில்: போதும். நீங்கள் சம்பந்தம் பேசப் போகவில்லை, ஓட்டுத்தான் போடப் போகிறீர்கள்! ஆனால் வீட்டு விவகாரம் எங்கே வாசலைத் தாண்டுகிறது என்று பாருங்கள்.

1949-இல் மணியம்மையை மணந்தபோது பெரியாருக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது. அண்ணாவும் தோழர்களும் அவருடைய திராவிடர் கழகத்திலிருந்து பிரிந்து அந்த செப்டம்பர் 17-இல் தி.மு.க.வைத் தொடங்கினார்கள். பொருந்தாத் திருமணத்தைக் கண்டித்த இயக்கத்தின் தலைவரே அப்படிச் செய்யலாமா, கழகத்துக்கு அடுத்த வாரிசு யார் என்பதெல்லாம் வீட்டுப் பேச்சல்ல, பொதுக் கேள்விகள். கேட்டது நியாயம்தான். அதற்காக அவருடைய சமூகப் பணியை யாரும் கணக்கிலிருந்து கழித்துவிடவில்லை. 1967-இல் ஜெயித்ததும் அண்ணாவே திருச்சிக்குப் போய் அவரைச் சந்தித்தார்.

பிரிட்டனில் 1963-இல் போர்த்துறை அமைச்சர் புரோஃப்யூமோ பதவி விலகினார். கள்ள உறவு கிசுகிசுவாக இருந்தவரை தப்பித்தார். நாடாளுமன்றத்தில் பொய் சொன்னது அம்பலமானதும் மாட்டிக்கொண்டார்.

உங்கள் அரசியல்வாதியையும் அப்படியே பாருங்கள். அவருடைய உறவுக்கு அரசுப் பணம் போனதா? பதவியைக் காட்டி யாரையாவது மிரட்டினாரா? அப்படியானால் மாமா பக்கம் நானும் நிற்பேன். ஒரு பெண் புகார் கொடுத்திருந்தால் அதைச் ‘சொந்த விஷயம்’ என்று யாரும் மழுப்ப முடியாது.

வேட்பாளர் தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் வழக்கு, கடன், மனைவியின் சொத்து எல்லாம் இருக்கும். தேர்தல் ஆணைய இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. டீக்கடைப் பேச்சை விட்டுவிட்டு அதைப் படியுங்கள். மாமாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.