பிறைக்குறியும் ஓர் உயிரொலியும்

புனே நகருக்கு மாற்றலாகி வந்த முதல் வாரத்தில், மராத்திப் பெயர்ப்பலகைகளில் வங்கியைக் குறிக்கும் சொல்லின்மேல் பிறை போன்ற ஒரு குறியையும் அதனுள் ஒரு புள்ளியையும் கண்டேன். புள்ளி மெல்லினத்திற்கு உரியது. பிறையோ, ஆங்கிலச் சொற்களின் ஓர் உயிரொலியை எழுதுவதற்கு மராத்தியில் வழங்கும் குறி. தமிழில் அதற்குத் தனிக்குறி இல்லை. ஆகவே 'பேங்க்', 'கேஷ்' என ஏகாரம் இட்டு எழுதும் நாம், 'பான் கார்டு' என்பதில் மட்டும் ஆகாரம் இடுகிறோம். மூன்றிலும் உள்ளது ஒரே ஒலிதான். அது ஏகாரமும் அன்று, ஆகாரமும் அன்று.

அதனைப் பெறும் வழி எளிது. படுக்கையைக் குறிக்கும் 'பெட்' என்னும் சொல்லைக் கூறுங்கள். நாவை முன்போலவே வைத்துக்கொண்டு கீழ்த்தாடையை மட்டும் இன்னும் இறக்குங்கள். 'கெட்ட' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் பிறக்கும். கண்ணாடி முன் நின்று பழகினால் வேறுபாடு கண்ணுக்கே புலனாகும்.

இகர ஈகாரங்களில் நமக்கு வேறொரு மயக்கம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பழகியவர்கள் நாம். 'நிரப்பு' என்னும் 'ஃபில்', 'உணர்' என்னும் 'ஃபீல்' ஆகியவற்றையும் கால அளவால் மட்டுமே பிரிக்க முயல்கிறோம். ஆங்கிலத்தில் நாவின் நிலையும் மாறவேண்டும். நெடிலுக்கு நா உயர்ந்து இறுகும். குறிலுக்குச் சற்றே தாழ்ந்து தளரும். இருக்கையைக் குறிக்கும் 'சீட்' என்பதில் பின்வரும் வல்லொலியால் நெடில் குறுகிவிடும். ஆயினும் நாவின் உயர்வு குறையாது. இதனைப் பள்ளியில் எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

வங்கியில் இதன் விளைவு எண்களில் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் தமிழ் முதியவர் ஒருவர் தொலைபேசியில், தமது வைப்புத்தொகைகளுள் 'ஃபிஃப்டீன் தௌசண்ட்' உள்ளதை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தருமாறு கேட்டார். நான் ஐம்பதாயிரம் என்று குறித்துக்கொண்டேன். மறுநாள் அவர் கண்ணாடி அணியாமலே ஒப்பமிட முனைந்தபோது, உடன்வந்த பேத்தி தொகையைப் படித்துக் காட்டியிராவிடில் பெருந்தொகையின் வட்டியில் ஒரு பகுதி வீணாகியிருக்கும். பிழை என்னுடையது.

அவர் சொல்லிலும் ஒரு காரணம் இருந்தது. 'வந்தான்' என்பதைப் பேச்சில் கூறும்போது இறுதி னகரத்தை நாம் முழுமையாக ஒலிப்பதில்லை; மூக்கொலியாக நழுவவிடுகிறோம். அதே பழக்கத்தில் 'ஃபிஃப்டீன்' என்பதன் ஈற்றும் நழுவினால், எஞ்சுவது ஏறத்தாழ 'ஃபிஃப்டி'. பதினைந்தைக் கூறும்போது ஈகாரத்தை அழுத்தி நீட்டி, நாநுனி மேலே நன்கு பொருந்துமாறு னகரத்தை முடியுங்கள். ஐம்பதில் அழுத்தம் முதலசையில் விழும். ஈற்று இகரம் சுருங்கும். தேர்ட்டீன், தேர்ட்டி முதலியவற்றுக்கும் இதுவே முறை.

தொலைபேசியில் தொகை கேட்கும்போது நான் இப்போது, "ஒன் ஃபைவ்வா, ஃபைவ் ஜீரோவா, ஐயா?" என்று மறுமுறை கேட்டே எழுதுகிறேன்.