மூன்று மில்லிமீட்டர் போதும்

தோட்டத்து மூலையில் விறகு அடுப்பு கட்ட ஆசைப்படுகிறவர்கள் தீச்செங்கல்லைத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்குகிறார்கள். சாந்தை மட்டும் பழக்கத்துக்கு விட்டுவிடுகிறார்கள். என் முதல் அடுப்பில் நானும் அப்படித்தான் செய்தேன். மூன்றாம் மாதம் வெந்த ரொட்டியின் மேல் கூரைச் சாந்து பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது.

நம்பிக்கை: சுவர் கட்டும் சிமெண்ட் கலவையே போதும்.
உண்மை: பீட்சா சுடும்போது உட்சுவர் 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் சிமெண்டுக்குள் பிணைந்திருந்த நீர் வெளியேறிவிடும். மிஞ்சும் சுண்ணாம்பு, அடுப்பு ஆறியதும் காற்றின் ஈரத்தை இழுத்து உப்பும். சுட்டும் ஆறியும் நாளடைவில் பொடியாகும். உயர் அலுமினா சிமெண்ட் சேர்ந்த தயார் சாந்தே நல்லது. கிடைக்காவிட்டால் சலித்த மணல் 3 பங்கு. சிமெண்ட், நீற்றிய சுண்ணாம்பு, ஃபயர் கிளே (தீக்களிமண்) தலா 1 பங்கு. வீட்டில் அடுப்பு கட்டுகிறவர்கள் பரவலாகக் கையாளும் அளவு இது. சுண்ணாம்பு கையை அரிக்கும், கையுறை கட்டாயம்.

நம்பிக்கை: ஃபயர் கிளேயை மட்டும் குழைத்து வைத்தால் தீயே அதைச் சுட்டு இறுக்கிவிடும்.
உண்மை: களிமண் கல்லாக இறுக ஏறத்தாழ 1000 டிகிரி வேண்டும். சூளையில் அந்தச் சூடு உண்டு, வீட்டு அடுப்பில் வராது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சந்தின் பின்பக்கமோ இன்னும் குளிர்ந்தே இருக்கும். இறுகாத களிமண், மழை இறங்கினால் கரைந்துபோகும்.

நம்பிக்கை: சாந்து தடிமனாக இருந்தால் அடுப்பு பலமாக நிற்கும்.
உண்மை: வளைவை நிறுத்துவது, கல்லோடு கல் நெருக்கும் அழுத்தம். சாந்து அவற்றுக்கு நடுவில் ஒரு மெத்தை. காயும்போது அது சுருங்கும். தடிமன் ஏற ஏற விரிசலும் கூடும். உட்பக்கச் சந்து 2 அல்லது 3 மில்லிமீட்டர் போதும். வளைவின் வெளிப்பக்கம் ஆப்புபோல அகலும் இடத்தில் கல் சில்லை வைத்து நிரப்புங்கள்.

நம்பிக்கை: காய்ந்த கல்லில்தான் சாந்து நன்றாகப் பிடிக்கும்.
உண்மை: காய்ந்த கல் சாந்தின் நீரைக் குடித்துவிடும், சாந்து இறுகாமலே உலர்ந்துபோகும். கல்லை வாளித் தண்ணீரில் போட்டால் குமிழிகள் சரசரவென்று கிளம்பும். அவை அடங்கியதும் எடுத்து, மேல்நீர் வற்றும்வரை பொறுத்து வையுங்கள். குழைத்தே டப்பாவில் வரும் சாந்துக்கு மட்டும் டப்பாவில் போட்டிருக்கும் முறைப்படி செய்யுங்கள்.

நம்பிக்கை: தளக் கல்லையும் சாந்து வைத்துப் பூட்ட வேண்டும்.
உண்மை: வேண்டாம். மணலும் ஃபயர் கிளேயும் கலந்த மெல்லிய படுகையில் நெருக்கி அடுக்கினால் போதும். சூட்டில் விரிய இடம் இருக்கும். ஒரு கல் உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

நம்பிக்கை: கட்டிய மறுநாளே பெருந்தீ மூட்டிக் காய வைக்கலாம்.
உண்மை: நீர் ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு விரியும். அது வெளியேற வழியில்லாவிட்டால் சாந்தைப் பிளக்கும். ஒரு வாரம் ஈரச்சாக்கு போர்த்தி வையுங்கள். பிறகு சுள்ளித் தீயில் தொடங்கி, நாளுக்குக் கொஞ்சமாக ஒரு வாரம் சூட்டைக் கூட்டுங்கள்.

இத்தனையும் செய்த என் இரண்டாவது அடுப்பிலும் மூன்றாம் வரிசையில் மயிரிழை விரிசல் உண்டு. சூட்டில் திறந்து, ஆறினால் மூடிக்கொள்ளும். கல் அசையவில்லை, ரொட்டியில் ஒரு துகளும் விழவில்லை.