காட்டு முகாமுக்கு ஒரு டைம்டேபிள்



பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் சங்கத்தில் ஒரு கேள்வி எழும். "குடும்பத்தோடு இரண்டு நாள் காட்டில் தங்க வேண்டும், எப்படிப் போவது?" முப்பத்தேழு ஆண்டுகள் ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்குக் காட்டைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம்தான். திட்டம் போடத் தெரியும். அதையும் ஒருமுறை கோட்டை விட்ட கதையை முதலில் சொல்லி விடுகிறேன்.

2015 டிசம்பர். அமெரிக்காவிலிருந்து மகளும் மூன்று வயதுப் பேரனும் வந்திருந்தார்கள். பிளிகிரிரங்கன் மலையில், கே. குடி முகாமில் இடம் பதிவு செய்திருந்தேன். "அவசரம் என்ன, நிதானமாகக் கிளம்பலாம்" என்றேன். வீட்டை விட்டுப் புறப்படவே மதியம் ஒரு மணி. வழியில் சாப்பாடு, காபி, டயர் பஞ்சர். வனத்துறைச் செக்போஸ்டை அடைந்தபோது மணி ஏழேகால். கேட் மூடியாகி விட்டது. "ஆகல்லா சார்" என்றார் காவலர். விதிப்படி அவர் சொன்னது சரி. இருட்டில் திரும்பினோம். பேரனுக்கு உடம்பு சுட்டது. மருந்துப் பை எங்கே? டிக்கியின் அடியில், எல்லாப் பெட்டிகளுக்கும் கீழே! சாலையோரம் டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு பெட்டியாக இறக்கினேன். "என்னங்க, இதைத்தான் ரயில்வேயில் செய்தீர்களா?" என்றாள் மனைவி. பதில் சொல்ல வாய் வரவில்லை.

அன்றிரவு கீழே ஒரு லாட்ஜில் தங்கி, விடிந்த பிறகு மலையேறினோம். பேரனுக்குக் காய்ச்சல் தணிந்து விட்டது. எனக்குக் கிடைத்த பாடங்கள் மூன்று.

பாடம் 1: நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

"எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?" என்று தொடங்குவது தவறு. "எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்?" என்று தொடங்குங்கள். காட்டுச் சாலைகளில் இரவு நேரத்தில் வண்டி விடுவதில்லை. பந்திப்பூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலைகளிலும் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை 2009 முதல் இருக்கிறது. வன விலங்குகள் அடிபடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆகவே இடம் பதிவு செய்யும்போதே கேட் நேரத்தையும் கேட்டு எழுதி வையுங்கள்.

இனி கணக்கு. கனகபுரா, மளவள்ளி, கொள்ளேகால், யளந்தூர் வழியாக கே. குடி சுமார் 200 கி.மீ. மலைப்பாதையும் ஊர்களும் சேர்ந்தால் மணிக்குச் சராசரி 40 கி.மீ.தான் கிடைக்கும். அதற்கு 5 மணி நேரம். சிற்றுண்டிக்கும் குழந்தைகளுக்கும் 1 மணி. ரயில்வே டைம்டேபிளில் 'ரெக்கவரி டைம்' என்று கொஞ்சம் நேரம் ஒதுக்கி வைப்போம். அதுபோல அரை மணி. மொத்தம் ஆறரை மணி நேரம். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணிக்குச் சேர வேண்டுமானால் காலை ஆறரைக்கு வண்டி நகர வேண்டும். இப்படிப் போனால் மாலைக் காட்டுச் சுற்றையும் தவற விட மாட்டீர்கள்.

"40 போதுமா, 60-இல் ஓட்டினால் என்ன?" என்று கேட்பீர்கள். விலங்கைக் கண்டு பிரேக் மிதித்து வண்டி நிற்க, உலர்ந்த சாலையில் 40 கி.மீ. வேகத்தில் சுமார் 21 மீட்டர் வேண்டும். 60-இல் சுமார் 40 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு, தூரம் இரண்டு மடங்கு. வளைவுக்கு அப்பால் யானை நின்றால் இந்த வித்தியாசம்தான் உயிர்.

பாடம் 2: பாரம் ஏற்றும் வரிசை

இரண்டு ஆண்டுகள் கழித்து நான் கலிஃபோர்னியா போயிருந்தபோது, மாப்பிள்ளை ஒரு டிரெய்லர் வாடகைக்கு எடுத்து வந்தார். காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுக்கும் சிறு வீடு அது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள்ளேயே. அங்குள்ள மாநிலப் பூங்காக்களில் தங்க ஆறு மாதம் முன்பே பதிவு தொடங்கி விடுகிறது. இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது.

டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் அமர வேண்டும். பின்பக்கம் பாரம் கூடினால் ஓட்டத்தில் பாம்பாக ஆடும். நம் காருக்கும் இதில் பாடம் உண்டு. கனமான பெட்டிகளை மேல்கேரியரில் அடுக்கினால் வளைவுகளில் வண்டி சாயப் பார்க்கும். கனம் கீழே, இருக்கையை ஒட்டி இருக்கட்டும். முதலில் தேவைப்படுவதைக் கடைசியாக ஏற்றுங்கள். மருந்து, டார்ச், குடிநீர், ஸ்வெட்டர் நான்கும் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

பாடம் 3: அது காட்டின் வீடு, நம் வீடு அல்ல

நம் காப்பகங்களில் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தித் தங்க முடியாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி உள்ளே போகவே அனுமதி வேண்டும். பிளிகிரிரங்கன் மலை 2011-இல் புலிகள் காப்பகமானது. கே. குடி முன்பு மைசூர் மகாராஜாக்களின் வேட்டை முகாம். இப்போது கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் அங்கே கூடார முகாம் நடத்துகிறது. கட்டிலும் குளியலறையும் உள்ள கூடாரங்கள்தான், முதியோர் தயங்க வேண்டாம்.

கோயில் இருக்கும் மலை கிட்டத்தட்ட 5000 அடி, பெங்களூர் 3000 அடி. ஆகவே நம் ஊரை விட நாலு டிகிரி குளிர் கூடும். கம்பளி அவசியம். செல்போனை நம்பாதீர்கள். சிறு மருத்துவ உதவிக்கு, மலையில் 1981 முதல் சோலிகர் மக்களிடையே பணிபுரியும் விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரத்தின் மருத்துவமனை இருக்கிறது. குரங்குக்குத் தீனி போடாதீர்கள். தீ மூட்டாதீர்கள். பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்து வாருங்கள்.

பேரன் இப்போது வளர்ந்து விட்டான். போன விடுமுறையில் மறுபடியும் கே. குடி போனோம். காலை ஆறரைக்கு வண்டி கிளம்பியது. மருந்துப் பையை அவனே மடியில் வைத்துக் கொண்டான். பன்னிரண்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்தக் கால் மணி நேரம், நாம் ஒதுக்கி வைத்த ரெக்கவரி டைமில் மிச்சம்.

நீங்களும் போய் வாருங்கள். பத்திரமாகத் திரும்பி வந்து சங்கத்தில் சொல்லுங்கள்.