கிருமி வளரும்வரை காத்திருக்க வேண்டுமா?

9ஆம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பற்றி நடத்தும்போது, மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவை ஆய்வகத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்ற கேள்வி எழும். இதை நான் ஒரு கணக்கிலிருந்து தொடங்குவேன். கரும்பலகை மட்டும் போதும்.

ஒரு பாக்டீரியா பத்து முறை இரட்டித்தால் 1,024 ஆகும். ஏற்ற சூழலில் ஈ.கோலை இரட்டிக்க 20 நிமிடம். காசநோய்க் கிருமிக்குச் சுமார் 20 மணி நேரம். 1,024 ஆக முன்னதற்கு 3 மணி 20 நிமிடம் போதும். பின்னதற்கு 8 நாள் 8 மணி நேரம் தேவை. மாணவர்களே கணக்கிட்டு வியப்பார்கள். தொடக்க வகுப்பில் கடற்கரைச் சிப்பிகளை ஒன்று, இரண்டு, நான்கு என அடுக்கச் செய்யலாம்.

கிருமியை மருந்து கலந்த ஊடகத்தில் வளர்த்துப் பார்ப்பது பழைய முறை. காசநோய்க்கு இதில் முடிவு தெரியப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் நோயாளி பலிக்காத மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். வீட்டிலுள்ள குழந்தைக்கும் நோய் தொற்றலாம்.

விரைவுச் சோதனை கிருமி வளரக் காத்திருப்பதில்லை. ரிஃபாம்பிசின் என்னும் முக்கிய மருந்து, கிருமியின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் நொதியைத் தடுக்கிறது. மருந்தைச் சாவி என்றும் நொதியைப் பூட்டு என்றும் விளக்கலாம். நொதிக்கான ஜீனில் 81 கார இணைகள் கொண்ட சிறு பகுதியில் மாற்றம் ஏற்பட்டால், பெரும்பாலும் சாவி பொருந்தாது. சளியிலுள்ள டி.என்.ஏ.வில் அப்பகுதியைப் பெருக்கி, மாற்றம் உள்ளதா என்று ஜீன்எக்ஸ்பர்ட் கருவி 2 மணி நேரத்துக்குள் சொல்லிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2010இல் இதைப் பரிந்துரைத்தது. நம் நாட்டில் உருவான ட்ரூநாட் கருவி பேட்டரியிலும் இயங்கும். கடலுக்குப் போகும் தொழிலாளி பலமுறை மருத்துவமனைக்கு அலைவது கடினம். திருச்செந்தூர்ப் பிள்ளைகளுக்கு இதன் பயன் எளிதில் புரியும்.

செயல்பாடு: ஏ, டி, ஜி, சி எழுத்துகளில் 20 எழுத்து வரிசையை இரண்டு அட்டைகளில் எழுதி, ஒன்றில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றுங்கள். குழுக்கள் அதைக் கண்டுபிடிக்கட்டும். பள்ளியில் பாக்டீரியாவை வளர்த்துக் காட்ட வேண்டாம்.

இச்சோதனை காட்டுவது ரிஃபாம்பிசின் எதிர்ப்பை மட்டுமே. மற்ற மருந்துகளுக்கு வேறு சோதனைகள் தேவை. ஆகவே வளர்ப்பு முறை இன்னும் கைவிடப்படவில்லை என்பதையும் சொல்லுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசு மருத்துவமனையில் அது இலவசம். உடல் தேறிவிட்டது என்று மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது. பாடம் முடிந்ததும் மாணவர்கள் வீட்டில் சொல்ல வேண்டிய செய்திகள் இவை இரண்டும்.