முழு ஆல்பமாகக் கேளுங்கள்: பழைய ஹிப் ஹாப்புக்குச் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஹிப் ஹாப் என்றதும் ஏதோ ஒரு பாட்டின் நடுவே வந்துபோகும் அரை நிமிட ராப்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்த இசை முழு உருவத்தோடு நிற்பது ஆல்பங்களில். 1986-ல் ரன் டிஎம்சியின் 'ரெய்சிங் ஹெல்' வந்ததிலிருந்து 1998-ல் லாரின் ஹில்லின் 'தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்' வந்தது வரை, அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் குவிந்த செல்வம் கொஞ்சநஞ்சமல்ல. அவற்றைச் செய்தவர்கள் மைக்கைப் பிடிப்பதற்கு முன்பே கேட்டுத் தேர்ந்தவர்கள். வீட்டிலிருந்த ஜாஸ், சோல் இசைத்தட்டுகளையும், பழைய கடைகளில் தூசி தட்டி எடுத்தவற்றையும் தேயத் தேயக் கேட்டவர்கள். அப்படிக் கேட்டுக் கேட்டு உருவான இசை, நாமும் அதே கவனத்தோடு கேட்டால்தான் பிடிபடும் என்பது என் கட்சி.

செய்யுங்கள்: 'இல்மாட்டிக்'கில் தொடங்குங்கள்

ராப்பர் நாஸின் முதல் ஆல்பம். 1994 ஏப்ரல் 19 அன்று வெளியானபோது அவருக்கு வயது 20. மொத்தம் பத்து டிராக், நாற்பது நிமிடம்கூட ஆகாது. இடம் குயின்ஸ்பிரிட்ஜ். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஆற்றோரம் அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு அது, வட அமெரிக்காவிலேயே இவ்வகையில் பெரியது. அட்டைப்படத்தில் சிறுவன் நாஸின் முகம், அதன் மேல் படர்ந்தாற்போல் அந்தக் குடியிருப்பு. ஆல்பமும் அந்த எல்லையை விட்டு அதிகம் வெளியே போவதில்லை. 'ஒன் லவ்' பாட்டின் முதல் இரண்டு பத்திகள் சிறையில் இருக்கும் நண்பர்களுக்கு எழுதும் கடிதங்கள். மூன்றாவதில் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சிறுவனிடம் பேசுகிறார், அவ்வளவுதான். வீரம் பேசும் ராப் எவ்வளவோ உண்டு. பார்த்ததைப் பார்த்தபடி சொல்லும் நிதானம் இருபது வயதில் இவருக்கு எப்படி வாய்த்தது என்று இன்றும் வியக்கிறேன்.

மூன்றாவது டிராக் 'லைஃப்ஸ் எ பிட்ச்'சை மட்டும் ஒருமுறை தனியாக உட்கார்ந்து கேளுங்கள். ஆல்பத்தில் விருந்தாளியாக வந்து ராப் செய்யும் ஒரே ஆள் ஏ.ஸீ. முதல் பத்தி அவருடையது. சாவு எந்நேரமும் பக்கத்தில் நிற்கும் தெருவில், இருக்கிறவரை அனுபவித்துவிடு என்கிறார். அடுத்து நாஸ் வருகிறார். இருபதாவது பிறந்தநாள் காலையில் கண்விழித்து, இந்த வயதைத் தொட்டதே பெரிய வரம் என்கிறார். பிறகு சொல் நின்றுவிடுகிறது. பீட் ஓடிக்கொண்டிருக்க, டிரம்பெட் வகையைச் சேர்ந்த கார்னெட் ஒன்று உள்ளே நுழைகிறது. ஊதுபவர் ஓலு டாரா, ஜாஸ் கலைஞர், நாஸின் அப்பா. மகன் சொன்னதை மறுக்காமல், ஆறுதலும் சொல்லாமல், பாட்டு தேய்ந்து மறையும்வரை ஊதிக்கொண்டே போகிறார். நான் கேட்ட ராப் பாட்டுகளில் இதைவிட நல்ல முடிவு கிடையாது.

செய்யாதீர்கள்: ஷஃபிளில் போடாதீர்கள், இடையில் வரும் பேச்சுகளைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

'இல்மாட்டிக்'கின் முதல் டிராக் 'தி ஜெனிசிஸ்' பாட்டே அல்ல. ரயில் ஓடும் சத்தம், 'வைல்ட் ஸ்டைல்' என்ற 1983-ஆம் ஆண்டு ஹிப் ஹாப் படத்தின் ஒலி, ஊடாக 1991-ல் மெயின் சோர்ஸ் குழுவின் 'லைவ் அட் தி பார்பெக்யூ' பாட்டில் நாஸ் பாடி ஊரைத் திரும்பிப் பார்க்கவைத்த பத்தி. எந்த மரபில் வந்தவன் நான் என்று இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிவிடுகிறார். அதைத் தாண்டிப் போனால் அடுத்த பாட்டின் கனம் பாதிதான் கிடைக்கும்.

டி லா சோலின் '3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங்' (1989) தொலைக்காட்சி வினாடி வினா நிகழ்ச்சியாகத் தொடங்குகிறது. பாட்டுகளுக்கு நடுவே அந்த விளையாட்டு தலைகாட்டிக்கொண்டே இருக்கும். இத்தகைய ஸ்கிட்களை ராப் ஆல்பங்களின் வழக்கமாக்கிய பெருமை அதைத் தயாரித்த பிரின்ஸ் பாலுக்கு உண்டு. வூ-டாங் கிளானின் 'என்டர் தி வூ-டாங்'கில் பாட்டுகளுக்கு முன்னால் ஹாங்காங் குங்ஃபூ படங்களின் வசனம் வரும். இவையெல்லாம் ஒட்டுப்போட்ட அலங்காரமல்ல, அடுத்த பாட்டு எந்த மனநிலையில் தொடங்க வேண்டும் என்று யோசித்துச் செய்த வேலை.

செய்யுங்கள்: பாஸ் ஒழுங்காகக் கேட்கும் ஹெட்ஃபோனோ ஸ்பீக்கரோ வைத்துக்கொள்ளுங்கள்

போன் ஸ்பீக்கரில் கேட்டால் எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட்டின் 'தி லோ எண்ட் தியரி' (1991) பாதி காணாமல் போய்விடும். முதல் பாட்டு 'எக்ஸ்கர்ஷன்ஸ்' வெறும் பாஸோடு தொடங்குகிறது. ஆர்ட் பிளேக்கியின் 'எ சான்ட் ஃபார் பு'விலிருந்து எடுத்த பாஸ் அது. மூலத்தில் அது மும்மூன்றாக நடக்கும், நம் கணக்கில் திஸ்ரம். குழுவின் கியூ-டிப் அதன் வாலில் இன்னொரு அடியை ஒட்டி நான்கின் கணக்குக்கு இழுத்துவந்துவிட்டார். மற்ற எதையும் கவனிக்காமல் பாஸை மட்டும் பிடித்துக்கொண்டு, ஒட்டிய இடம் தெரிகிறதா என்று கேட்டுப்பாருங்கள். சற்று நேரத்தில் டிரம்ஸ் வந்து விழும்போது தலை தானாக ஆடும்.

'வர்சஸ் ஃப்ரம் தி ஆப்ஸ்ட்ராக்ட்' பாட்டுக்கு சாம்பிள் (பழைய பதிவிலிருந்து எடுக்கும் துண்டு) போதாது என்று ஆளையே அழைத்துவிட்டார்கள். வந்தவர் ரான் கார்ட்டர், 1960-களில் மைல்ஸ் டேவிஸின் குழுவில் டபுள் பாஸ் வாசித்தவர். இருபதை ஒட்டிய பையன்கள் கூப்பிட்டார்கள், ஐம்பதைத் தாண்டிய மேதை வந்து வாசித்தார். ஜாஸுக்கும் ஹிப் ஹாப்புக்கும் உறவு உண்டா என்று மேடை போட்டுப் பேசுவதைவிட இந்த ஒரு பாட்டைக் கேட்பது மேல்.

செய்யாதீர்கள்: சாம்பிளைத் திருட்டு என்று தள்ளாதீர்கள்

ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுவது 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸில் 1520 செட்ஜ்விக் அவென்யூ கட்டிடத்தில், பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க சிண்டி என்ற பெண் ஒரு பார்ட்டி வைத்தார். தட்டு சுழற்றியவர் அவருடைய அண்ணன், ஜமைக்காவில் பிறந்த டிஜே கூல் ஹெர்க். பாட்டின் நடுவே மற்ற வாத்தியங்கள் ஒதுங்கி டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில வினாடிகளுக்காகத்தான் கூட்டம் காத்திருக்கிறது என்பதைக் கவனித்தவர் அவர். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் வைத்து அந்தச் சில வினாடிகளை நீட்டிக்கொண்டே போனார். சாம்பிள் என்ற கலையின் வேர் அங்கே இருக்கிறது.

அது சோம்பேறி வேலையும் அல்ல. 1987-ல் வந்த எஸ்பி-1200 இயந்திரத்தில் மொத்தமே சுமார் பத்து வினாடி ஒலியைத்தான் சேமிக்க முடியும். 33 வேகத்தில் ஓட வேண்டிய தட்டை 45-ல் ஓடவிட்டுப் பதிவு செய்வார்கள், இடம் மிச்சமாகும். பிறகு இயந்திரத்துக்குள் அதன் வேகத்தைக் குறைத்து இறக்குவார்கள். அந்த ஏற்றி இறக்கலில் ஒட்டிக்கொண்ட கரகரப்புதான் அந்தக் காலத்து டிரம்ஸின் அழகு. 'இல்மாட்டிக்'கின் 'தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்' பாட்டில் தயாரிப்பாளர் பீட் ராக் எடுத்தது அகமது ஜமாலின் பியானோவிலிருந்து ஒரு சிறு துண்டு. மூலத்தையும் தேடிக் கேளுங்கள். நீண்ட வாசிப்பில் அந்த இடம் சட்டென்று கடந்து போய்விடும். அதில் ஒரு முழுப் பாட்டு ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்த காதுக்கு என்ன விலை கொடுப்பது!

லண்டனில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண் எம்.ஐ.ஏ. 2007-ல் 'கலா' என்று தன் அம்மாவின் பெயரில் வெளியிட்ட ஆல்பத்தின் முதல் பாட்டில், 'தளபதி' படத்து 'காட்டுக்குயிலு' ஒலிக்கிறது. இளையராஜாவை அந்த வடிவில் கேட்ட பிறகும் சாம்பிளை மட்டம் தட்ட மனம் வருமா?

செய்யாதீர்கள்: அதற்காக மூலக் கலைஞர்களை மறந்துவிடாதீர்கள்

ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் அந்த டிரம்ஸை வாசித்தவர் கிளைட் ஸ்டபில்ஃபீல்ட். பப்ளிக் எனிமி தொடங்கி எண்ணற்ற குழுக்கள் அதன்மேல் வீடு கட்டின. பாட்டாசிரியராக அவர் பெயர் இல்லாததால் சாம்பிளுக்கான பணம் அவரிடம் போய்ச் சேரவில்லை. 'ஆமென், பிரதர்' (1969) பாட்டில் கிரெகரி கோல்மன் வாசித்த சுமார் ஏழு வினாடி டிரம்ஸ் என்.டபிள்யூ.ஏ.வின் 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' வரை ஒலித்தது. அவர் ஒரு காசும் பார்க்காமல், 2006-ல் வீடற்றவராக இறந்தார். இந்தப் பெயர்களைச் சொல்வது ரசிகனின் கடமை.

மறுபக்கமும் உண்டு. 1991 டிசம்பரில் பிஸ் மார்க்கி என்ற ராப்பருக்கு எதிராக ஒரு சாம்பிள் வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் முன்கூட்டியே அனுமதி, பணம் என்றாயிற்று. டஜன்கணக்கில் சாம்பிள் அடுக்கும் கலை அத்தோடு ஒடுங்கியது. டி லா சோலின் பழைய ஆல்பங்கள் உரிமைச் சிக்கலில் மாட்டி 2023 மார்ச்சில்தான் ஸ்ட்ரீமிங்குக்கு வந்தன. குழுவின் மூவரில் ஒருவரான டேவ் அதற்குச் சில வாரங்கள் முன்பு காலமானார். இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

செய்யுங்கள்: குரல்களைப் பிரித்தறியப் பழகுங்கள்

வூ-டாங் கிளானின் முதல் ஆல்பத்தில் ஒன்பது பேர். முதல் முறை கேட்கும்போது சந்தைக்கடை இரைச்சலாகத்தான் இருக்கும். ஒவ்வொருவராகப் பிடியுங்கள். கரகரத்த குரலில் பாதி பாடி பாதி உளறுபவர் ஓல் டர்ட்டி பாஸ்டர்ட். புகை படிந்த குரல் மெத்தட் மேன். நிதானமாக அளந்து பேசுபவர் ஜிஸா. மாஸ்டா கில்லா ஒரே ஒரு பாட்டில்தான் வருகிறார், கண்டுபிடியுங்கள். 'கிரீம்' பாட்டில் குழுவின் தயாரிப்பாளர் ரிஸா சுழலவிடும் பியானோ, 1960-களில் சார்மெல்ஸ் என்ற பெண்கள் குழு பாடிய காதல் பாட்டினுடையது. அதன்மேல் இன்ஸ்பெக்டா டெக், பதினைந்து வயதில் சிறைக்குப் போனவனின் கதையை ஆர்ப்பாட்டமில்லாமல் சொல்கிறார். பணத்தைப் பற்றிய கொண்டாட்டம் என்று கோரஸை மட்டும் கேட்டவர்கள் நினைப்பார்கள். பத்திகளைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

செய்யுங்கள்: இரண்டாம் முறை வரிகளைக் கண்முன் வைத்துக்கொள்ளுங்கள்

எரிக் பி. அண்ட் ரக்கீமின் 'பெய்டு இன் ஃபுல்' (1987) இதற்குச் சரியான பாடம். அதற்கு முன் இயைபு பெரும்பாலும் வரிக் கடைசியில் வந்து விழும். சிறுவயதில் சாக்ஸஃபோன் வாசித்த ரக்கீம் அதை வரிக்கு நடுவே இறைத்தார், ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு மூச்சுவிடாமல் தாண்டினார். குரலை உயர்த்தவே இல்லை. எதுகை, மோனை, இயைபு என்று பழகிய காதுக்கு இது கொண்டாட்டம். பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள்.

செய்யாதீர்கள்: கூடவே பாடும்போது அந்த ஒரு சொல்லைச் சொல்லாதீர்கள்

கறுப்பர்களை அடிமைகளாக வைத்திருந்தவர்கள் அவர்களை அழைத்த, ஆங்கில 'என்' எழுத்தில் தொடங்கும் சொல் அது. அதை எடுத்துத் தங்களுக்குள் புழங்குவது கறுப்பர்களின் உரிமை, நம்முடையது அல்ல. 2018-ல் அலபாமாவில் தன் மேடைக்கு வந்த வெள்ளைக்கார ரசிகை அதைப் பாடியபோது ராப்பர் கென்ட்ரிக் லமார் பாட்டையே நிறுத்தினார். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டால் தாளம் ஒன்றும் தப்பிவிடாது.

செய்யாதீர்கள்: பெண்களைப் பேசும் விதத்தைப் பூசி மெழுகாதீர்கள்

பழைய ஆல்பங்கள் பலவற்றில் அது அருவருப்பானது. 'தி க்ரானிக்' (1992) ஒலியில் ஒரு சாதனை. அதைச் செய்த டாக்டர் ட்ரே அதற்கு முந்தைய ஆண்டு டீ பார்ன்ஸ் என்ற தொலைக்காட்சித் தொகுப்பாளரைத் தாக்கியவர், வழக்கிலும் அதை எதிர்த்து வாதிடவில்லை. இரண்டும் உண்மை, இரண்டையும் சொல்லுங்கள். எம்.சி. லைட்டின் 'லைட் அஸ் எ ராக்' (1988), குயின் லத்தீஃபாவின் 'ஆல் ஹெயில் தி குயின்' (1989) ஆகியவற்றை இடஒதுக்கீடாக அல்ல, முதல் வரிசையிலேயே வையுங்கள். 1999-ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை ஹிப் ஹாப்புக்கு முதன்முதலில் கொண்டுவந்தவரும் ஒரு பெண்தான், லாரின் ஹில்.

செய்யாதீர்கள்: கிழக்கா மேற்கா என்று கட்சி கட்டாதீர்கள்

அமெரிக்காவின் மேற்குக் கடற்கரை ராப்பின் முகமாக இருந்த டூபாக் 1996-ல் 25 வயதிலும், கிழக்கின் முகமாக இருந்த நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. 1997-ல் 24 வயதிலும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் இரு கடற்கரைச் சண்டையை ரசிகர்கள் தொடர்வதில் எனக்குக் கோபம்தான் வருகிறது.

செய்யுங்கள்: தயாரிப்பாளர் பெயரைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஆல்பத்துக்குப் போங்கள்

'இல்மாட்டிக்'கின் பின்னட்டையே போதும். டிஜே பிரீமியர் பிடித்திருந்தால் கேங் ஸ்டாரின் 'டெய்லி ஆபரேஷன்' (1992). பீட் ராக் பிடித்திருந்தால், சி.எல். ஸ்மூத்தோடு அவர் செய்த 'மெக்கா அண்ட் தி சோல் பிரதர்' (1992). அதில் இறந்துபோன நண்பனுக்காகச் செய்த 'தே ரெமினிஸ் ஓவர் யூ' இருக்கிறது, அந்த சாக்ஸஃபோனுக்காகவே ஆல்பத்தை வாங்கலாம். கியூ-டிப் பிடித்திருந்தால் ட்ரைப்பின் 'மிட்நைட் மராடர்ஸ்'. அது வெளியான 1993 நவம்பர் 9 அன்றுதான் வூ-டாங்கின் முதல் ஆல்பமும் கடைக்கு வந்தது. கையில் ஒன்றுக்குத்தான் காசு இருந்த பையன்கள் அன்று எதை எடுத்திருப்பார்கள்? நான் ட்ரைப் பக்கம்.